பென்சில் கொடுத்தாச்சு, கணக்கு தீர்ந்துபோச்சு

பிள்ளைகளிடம் கேள்வி கேட்டு நடத்திய ஆய்வுகள் பற்றிய நேற்றைய கருத்தரங்கில் நடந்ததைத் திரும்ப விளக்கப் போவதில்லை, பாதிப் பேர் அங்கேதான் இருந்தீர்கள். "முடிவுகளை அந்தப் பிள்ளைகளிடமும் சொன்னீர்களா?" என்று ஒருவர் கேட்டதும் மேடை சிரித்ததே, அந்தச் சிரிப்பு இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. "ஆளுக்கொரு பென்சிலும் சான்றிதழும் கொடுத்தாச்சே" என்று பதில் வேறு.

சரி. பிள்ளைகள் பேசியதை வைத்துக் கட்டுரை போட்டோம், பட்டம் வாங்கினோம், பதவி உயர்வும் வாங்கினோம். பேசிய பிள்ளைக்குப் பென்சில். நியாயம்தான்.

இது நான் கிளப்பிவிடும் புதுக் கோரிக்கை இல்லை. தகவலைத் தேடவும் பெறவும் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 13ஆம் பிரிவிலேயே சொல்கிறது. மருத்துவ ஆய்வுகளுக்கான ஹெல்சிங்கி பிரகடனம், பங்கெடுத்தவர்கள் விரும்பினால் பொதுவான முடிவுகளை அறிய வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. 2024இல் அதைத் திருத்தியபோது 'ஆய்வுக்கு உட்பட்டவர்' என்பதை எடுத்துவிட்டுப் 'பங்கேற்பாளர்' என்று போட்டார்கள். சொல்லை மாற்றியாச்சு. பென்சில் மாறவில்லை.

"சின்னப் பிள்ளைகளுக்குப் புரியாது" என்று பின்னூட்டத்தில் வருவீர்கள், தெரியும். கேள்வி கேட்கும்போது படம் காட்டி, பொம்மை வைத்து, அவ்வளவு எளிமையாகக் கேட்கத் தெரிகிறதே! பதில் சொல்லும்போது மட்டும் எப்படி வாய் அடைத்துப்போகிறது? 'ஃபிரான்டியர்ஸ் ஃபார் யங் மைண்ட்ஸ்' இதழில் 2013 முதல் சிறுவர்களேதான் அறிவியல் கட்டுரைகளை மதிப்பிடுகிறார்கள்.

சிறிய வகுப்பில் "ஒரு பிள்ளை இப்படிச் சொன்னது" என்றால் யாரென்று தெரிந்துவிடும் என்கிறீர்களா? அது நிஜமான சிக்கல். உட்கார்ந்து பேசலாம், வருகிறேன். ஆனால் நிதி இல்லை என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். மாநாட்டுக்குப் பறக்க இருந்தது, ஒரு பக்கம் அச்சடிக்க இல்லையாம்.

ஏன் இவ்வளவு கோபம் என்கிறீர்களா? நானும் கேள்வித்தாளோடு போனவள்தான். பதினைந்து வருடம் இருக்கும். பள்ளியில் சக மாணவர்கள் செய்யும் கொடுமை பற்றிய ஆய்வு. எல்லாம் சொல்லி முடித்தபிறகு ஒரு பையன் கேட்டான்: "அக்கா, மத்தவங்களும் என்னை மாதிரியே சொன்னாங்களா?"

"முடிஞ்சதும் வந்து சொல்றேன்" என்றேன். போகவில்லை.

நிறையப் பேர் அதையேதான் சொல்லியிருந்தார்கள். "ஆமாடா, நீ மட்டும் இல்லை." இவ்வளவுதான் நான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. இதில் புரியாத சொல் எது?

இப்போது தேடினாலும் கிடைக்க மாட்டான். ரகசியம் காக்க வேண்டும் என்று பெயர்ப் பட்டியலை விதிப்படி அழித்துவிட்டோம். அதை மட்டும் ரொம்பச் சரியாகச் செய்தோம். என் கோப்பில் அவன் வெறும் 17ஆம் எண்.