செவ்வாய்ல தண்ணி ஓடலைங்க, சரியுறது மண்ணு

மறுபடியும் அதே படம். பழுப்பு மலைச்சரிவு, பாறை விளிம்புல இருந்து கருப்புக் கோடுங்க வரிசையா இறங்குது, மேல கொட்டை எழுத்துல "செவ்வாயில் ஓடும் நீர், நாசா உறுதி"! 2015 செப்டம்பர்ல வந்த செய்திங்க அது. இன்னும் நேத்து கண்டுபிடிச்ச மாதிரியே குரூப் குரூப்பா சுத்திட்டு இருக்கு, கீழ நூறு பேர் "அப்போ அங்க குடியேறிடலாம்"னு கமெண்ட். பத்திக்கிட்டு வருது எனக்கு.

முதல்ல அந்தப் படத்தையே ஒழுங்கா பாருங்க. யாரும் பக்கத்துல நின்னு எடுத்தது இல்ல அது. செவ்வாயைச் சுத்தி வர்ற நாசாவோட எம்ஆர்ஓ விண்கலத்துல இருக்கற ஹைரைஸ் கேமரா மேல இருந்து எடுத்த படத்தை, மேடு பள்ளக் கணக்கு மேல போர்த்தி கம்ப்யூட்டர்ல சாய்ச்சுக் காட்டுனது. கலரும் நம்ம கண்ணுக்குத் தெரியுற கலர் இல்ல, அகச்சிவப்பையும் சேர்த்துப் போட்டது. இதை யாராச்சும் ஒரு வரி சொல்றாங்களா?

கோடுங்க நிஜம்தான், அதுல சந்தேகமே இல்ல. 2011ல வெளியே சொன்னாங்க. சில மீட்டர் அகலம்தான் இருக்கும், வெப்பமான மாசங்கள்ல கீழ நோக்கி நீளும், குளிர்ல மங்கும், அடுத்த வருஷம் திரும்ப வரும். இப்படி இருந்தா யாருக்கும் தண்ணின்னுதான் தோணும், அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். 2015ல அந்தக் கோடுங்க மேல நீரேறிய உப்பு, அதாவது தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கற பெர்குளோரேட் மாதிரி உப்பு இருக்குன்னு சொன்னதும் உலகமே குதிச்சுது.

ஆனா அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு ஒருத்தரும் ஃபார்வர்ட் பண்ண மாட்டேங்கறாங்களே, அதுதாங்க என் கோவம்! 2017ல கோடுங்க எங்க நிக்குதுன்னு சரிவோட கோணத்தை அளந்து பார்த்தாங்க. சுமார் 27 டிகிரிக்கு மேல செங்குத்தா இருக்கற இடத்துல மட்டும் ஓடுது, சரிவு அதுக்குக் கீழ குறைஞ்சதும் நின்னுடுது. சின்ன சரிவுல சின்ன கோடு, பெரிய சரிவுல நீளமான கோடு, ஆனா நிக்கற கோணம் ஏறக்குறைய ஒண்ணுதான். தண்ணியா இருந்தா சரிவு குறைஞ்ச இடத்துலயும் இன்னும் கொஞ்ச தூரம் போயிருக்குமே! காய்ஞ்ச மணல்தான் அப்படி டக்குனு நிக்கும், மணல்மேட்டுல கால் வச்சா சரிஞ்சு வந்து ஒரு இடத்துல நிக்குதே அந்தக் கணக்கு. அப்புறம் 2018ல அந்த உப்பு சிக்னல்ல ஒரு பங்கு டேட்டாவைப் பதப்படுத்துனதுல வந்த கோளாறா இருக்கலாம்னும் காட்டிட்டாங்க. செவ்வாய் மண்ணுல பெர்குளோரேட் உப்பே இல்லைன்னு சொல்லலை, அங்க இறங்குன ஃபீனிக்ஸ் விண்கலம் 2008லயே கண்டுபிடிச்சது. இந்தக் கோடுங்கள்ல இருக்குன்னு சொன்ன ஆதாரம்தான் ஆட்டம் கண்டுடுச்சு. வருஷா வருஷம் சீசன் பார்த்து ஏன் சரியுதுங்கறது இன்னும் விவாதத்துலதான் இருக்கு, அதை நேர்மையா சொல்லணும்.

இதை விட எரிச்சல், எல்லாக் கோட்டையும் ஒண்ணாப் போட்டு கலக்கறது. தூசி மண்டிக் கிடக்கற சரிவுகள்ல அகலமா கருப்பா இழுத்து விட்ட கோடுங்க இருக்கே, அது வேற விஷயம், 1970கள்ல போன வைக்கிங் விண்கலங்க காலத்துல இருந்தே தெரியும். மேல இருக்கற வெளிர் தூசி சரிஞ்சு போக அடியில இருக்கற கருப்புப் பரப்பு வெளிய தெரியுது, ஈரம்லாம் இல்ல. 2025ல கம்ப்யூட்டரை வச்சு 86,000 படத்துக்கு மேல அலசி, சுமார் 5 லட்சம் கோடுங்களைக் கணக்கெடுத்துப் பார்த்தாங்க, அதுலயும் தண்ணிக்கான தடயம் கிடைக்கலை.

இன்னொண்ணு, மணல்மேட்டுல நேரா ஓடையாட்டம் இறங்கற பள்ளங்க. செவ்வாய்ல ரஸ்ஸல்ங்கற விண்கல் மோதின பெருங்குழிக்குள்ள இருக்கற மணல்மேட்டைப் பாருங்க, தண்ணி அரிச்சிருந்தா அடியில விசிறி மாதிரி பரவிக் கிடக்க வேண்டிய வண்டலே இல்ல, பள்ளம் சட்டுனு முடிஞ்சுடுது. குளிர்காலத்துல உறைஞ்ச கார்பன் டை ஆக்சைடு கட்டி, அதாங்க உலர் பனி, உடைஞ்சு, அடியில ஆவியாகுற வாயு அதைத் தாங்கிப் பிடிக்க, மணல்ல வழுக்கிட்டு இறங்குதுன்னு விளக்கம். 2013ல பூமியிலயே மணல்மேட்டுல உலர் பனிக்கட்டியை விட்டு சோதிச்சும் காட்டிட்டாங்க. உலர் பனி மணல்ல சறுக்கிப் பள்ளம் தோண்டுற கிரகம்யா அது! இதைச் சொல்லி ஆச்சரியப்படுத்த ஒரு ஆளு இல்ல, எல்லாருக்கும் தண்ணி, தண்ணி, தண்ணி.

துருவத்துல பனிக்கட்டி இருக்கு, அது உண்மை, தாராளமா எழுதுங்க. ஆனா சரிவுக் கோட்டைப் போட்டு நதின்னு தலைப்பு வைக்கறவங்க தேதியையும் போடுங்க, 2017 முடிவையும் போடுங்க. மாணவர்களுக்கு வினாடி வினா நடத்தறவங்களே, "செவ்வாயில் நீர் ஓடுகிறது, சரி" ங்கற விடையை முதல்ல மாத்துங்க.