பிளேன்டீ குடிக்கத்தான் கூடினோம், சரி

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். திருகோணமலை ஈச்சிலம்பற்றுப் பக்கத்துப் பெண்களை வரவழைத்துப் பின்வரிசையில் உட்காரவைத்துவிட்டு, "கூடியிருந்து ரேடியோ கேட்டுப் பிளேன்டீ குடிச்சால் பொம்பிளையள் முன்னேறிடுவாங்களோ?" என்று மேடையில் ஐயா சிரிக்கிறார். முன்வரிசையும் சிரிக்கிறது. மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

ஐயா, கேட்பது பாதிதான். ரேடியோப் பெட்டியை நிறுத்திய பிறகு நடப்பதற்குப் பெயர்தான் கேட்போர் குழு. அரை மணி நேர நிகழ்ச்சி, அப்புறம் ஒன்றரை மணி நேரக் கதை. அந்தக் கதையில் ஒரு கேள்வி திரண்டு வரும். அதைப் போனில் பதிந்து நிலையத்துக்கு அனுப்புவோம். பதில் வரும், சில நேரம் வராது.

நான் இருந்த குழுவில் ஓர் அக்கா ஏழு மாதம் வாயே திறக்கவில்லை. கச்சான் உடைப்பார், அவ்வளவுதான். ஒரு நாள், அரச காணியைப் பயிர்செய்யக் கொடுக்கும் காணி உத்தரவுப்பத்திரம் பற்றிய நிகழ்ச்சி. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், தனக்குப் பின் காணி யாருக்கென்று எழுதாமல் இறந்தவரின் காணிக்கு மகளை முந்திக்கொண்டு மகன்தான் நிற்பான். 2022இல்தான் அதைத் திருத்தினார்கள். பெட்டியை நிறுத்தியதும் அக்கா கேட்டார்: "அப்ப, அப்பாட வயலை நான் கேட்டிருந்தா தப்பில்லையா?" யாரும் பேசவில்லை. உடைத்த கச்சான் அவர் மடியிலேயே கிடந்தது.

அடுத்த கிழமை இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அலுவலகம் போனார். வயல் கிடைத்ததா என்பீர்கள். இல்லை. அப்பா இறந்தது பழைய சட்டத்துக் காலம். ஆனால் எப்போதும் வாசலில் நிற்கிறவர், அன்றைக்குக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார். திரும்பவும் சொல்கிறேன், பெட்டியை நிறுத்திய பிறகு நடப்பதுதான் விஷயம்.

"திட்டக் காசு முடிந்தால் குழுவும் முடியும்" என்பார்கள். முடிகிறதுதான். விடுங்கள்.

"வாட்ஸ்அப் காலத்தில் ரேடியோவா?" என்றும் கேட்பார்கள். இதற்குத்தான் எனக்கு ஏறுகிறது. வீட்டில் அந்தப் போன் யார் கையில்? அதன் பூட்டு யாருக்குத் தெரியும்? களை பிடுங்குகிறவள் சேற்றுக் கையால் எதைத் தடவிப் பார்ப்பாள்? வானொலி கையைக் கேட்காது, கண்ணைக் கேட்காது, எழுத்து தெரியுமா என்றும் கேட்காது.

இதே திருமலை மண்ணில்தான் ஜெர்மன் வானொலி மறுஒலிபரப்புக் கோபுரம் நட்டுத் தேசம் தேசமாக ஒலிபரப்பியது. அதற்கு இடம் இருந்தது. 1981இல் மகாவலி, 1989இல் கொத்மலை என்று சமுதாய வானொலிகள் வந்தன, ஆனால் எல்லாம் அரச ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் மடியில். தெலங்கானாவின் மச்னூரில் தலித் பெண்கள் 2008இல் சொந்தமாக நிலையமே தொடங்கினார்கள். அவர்களும் பிளேன்டீ குடித்திருப்பார்கள் போலும்!

எங்கள் வீட்டு ரேடியோவுக்குப் பூப்போட்ட உறை தைத்தது அம்மா. தூசி தட்டுவதும் அம்மா. ஸ்டேஷன் மாற்ற மட்டும் அப்பா வரவேண்டும். அம்மா கை வைத்தால் கெட்டுப்போகுமாம். அப்போதும் வீட்டில் எல்லோரும் சிரிப்போம். நானும்தான் சிரித்தேன்.

அந்த வீடியோவைக் கடைசிவரை பார்த்தீர்களா? ஐயா பேசி முடித்து உட்கார்ந்ததும் ஒரு தட்டு வருகிறது. அவருக்குப் பிளேன்டீ. கொண்டுவந்து நீட்டுவது அந்த அக்காதான்.