ஞாயிறு பூசையோட முடியுறது இல்லங்க

கட்டுரை ஓகே, ஆனா கத்தோலிக்கர்னா ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போறதோட ஜெபம் முடிஞ்சுரும்ங்கிற மாதிரி எழுதிட்டீங்களே சார், எங்க தூத்துக்குடி பக்கம் வந்து பாருங்க. காலைல 6, மத்தியானம் 12, சாயங்காலம் 6, கோயில் மணி அடிச்சா மூவேளை ஜெபம், மீன் கழுவிட்டு இருந்தாலும் கைய அப்படியே வச்சுக்கிட்டு "ஆண்டவருடைய தூதர்"னு ஆரம்பிச்சிருவாங்க (ஈஸ்டர்லருந்து அம்பதாம் நாள் வர்ற பெந்தெகோஸ்தே திருநாள் வரைக்கும் மட்டும் அதுக்குப் பதிலா வேற ஜெபம், நின்னுக்கிட்டே சொல்லணும்).

ராத்திரி வீட்டுல குடும்ப ஜெபமாலை, மாலைல மணிக்கு ஒண்ணா 53 தடவ "அருள் நிறைந்த மரியே" சொல்லணும். சொல்லும்போது இயேசு, மாதா வாழ்க்கைல நடந்தத நாளுக்கு ஒரு வகையா தியானிக்கணும்: திங்கள் சனி சந்தோஷம், செவ்வாய் வெள்ளி துக்கம், புதன் ஞாயிறு மகிமை, வியாழன் ஒளி. இந்த ஒளி 2002ல போப் ரெண்டாம் ஜான் பால் சேர்த்தது, அதுக்கு முன்னாடி வியாழனும் சந்தோஷம்தான், எங்க ஆச்சி இன்னிக்கும் பழையபடியே சொல்லும், யாரும் திருத்துறதில்ல. பெரியவங்க அருள் நிறைந்த மரியேனு முதல் பாதி சொன்னா மத்தவங்க "அர்ச்சிஷ்ட மரியாயே"னு புடிச்சுக்கணும், கடைசில மாதாவோட பேருங்கள வரிசையாச் சொல்லி வேண்டுற மன்றாட்டு மாலை வர்றதுக்குள்ள சின்னதுங்க பாதி தூங்கிரும். இப்ப சில வீட்டுல யூடியூப்ல ஜெபமாலைய ஓட விட்டுட்டு சமைக்கிறாங்க, எனக்கு அது புடிக்கல, ஆனா ஷிஃப்ட் வேலைக்குப் போறவங்க பஸ்ல விரல் விட்டு எண்ணி சொல்றத நான் குறை சொல்ல மாட்டேன்.