பரிசு போதும், பர்ச்சேஸ் ஆர்டர் கொடுங்கள்

அரசுத் துறைகளும் ஸ்டார்ட்அப்களும் கைகோத்து நிற்கும் விழாப் படங்களைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் உற்சாகம் வருவதில்லை. ஹேக்கத்தான் என்ற மென்பொருள் போட்டி நடக்கும், அமைச்சர் வருவார், ஆளுயர அட்டைக் காசோலை கைமாறும். அப்புறம் ஏதோ ஓர் அலுவலகத்தில் பைலட், அதாவது சின்ன அளவில் ஒரு சோதனை ஓட்டம். 'நன்றாக இருக்கிறது' என்று ஒரு கடிதமும் கிடைக்கும். முழுத் திட்டத்துக்கு டெண்டர் விடும்போது பார்த்தால், பைலட்டைச் செய்து காட்டிய அதே ஸ்டார்ட்அப்பால் விண்ணப்பிக்கவே முடியாது.

டெண்டரில் தகுதி பற்றிய பக்கத்தைப் படித்தால் காரணம் புரியும். கடந்த சில ஆண்டுகளின் டர்ன்ஓவர் இவ்வளவு இருக்க வேண்டும், இதே அளவு வேலையை முன்பே முடித்திருக்க வேண்டும், முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும். இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. பொதுப்பணம், நாளை தணிக்கையில் கேட்டால் அதிகாரிதான் பதில் சொல்ல வேண்டும். பெரிய நிறுவனத்துக்குக் கொடுத்த வேலை சொதப்பினால் பழி அந்த நிறுவனத்தின் மேல் விழும். பத்துப் பேர் நடத்தும் கம்பெனிக்குக் கொடுத்துச் சொதப்பினால் கையெழுத்துப் போட்டவர் மாட்டுவார். அவர் நாற்காலியில் நான் இருந்தாலும் பெரிய பெயராகத்தான் தேடுவேன்.

ஆனால் பெரிய பெயர் என்றால் பத்திரம் என்று யார் சொன்னது? பிரிட்டன் அஞ்சலகங்களில் 1999 முதல், ஜப்பானின் பெரிய நிறுவனமான ஃபுஜிட்சுவின் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் வந்தது. அது காட்டிய தவறான கணக்கை நம்பி, 900-க்கும் மேற்பட்ட துணை அஞ்சலக நடத்துநர்களைத் திருடர்கள் என்று தண்டித்தார்கள். அமெரிக்காவின் மருத்துவக் காப்பீட்டு இணையதளமான ஹெல்த்கேர்.கவ், ஏகப்பட்ட ஒப்பந்ததாரர்கள் சேர்ந்து கட்டியது. 2013 அக்டோபர் 1 அன்று திறந்தார்கள். முதல் நாள் முடிவில் அதில் பதிவை முடிக்க முடிந்தவர்கள் வெறும் 6 பேர்.

அதைத் தூக்கி நிறுத்த வந்தது மென்பொருள் நிறுவனங்களிலிருந்து திரட்டிய ஒரு சிறிய குழு. அந்த அனுபவத்தைத் தொடர்ந்து 2014 ஆகஸ்டில் அமெரிக்க அரசு 'யு.எஸ். டிஜிட்டல் சர்வீஸ்' என்ற அமைப்பைத் தொடங்கியது. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் 'பார்த்தீர்களா, இளைஞர்கள் சாதித்தார்கள்' என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அவர்கள் அரசுக்குள் உட்கார்ந்து வேலை செய்தார்கள். மென்பொருளின் நிரலை (கோடு) படித்து, ஒப்பந்ததாரரிடம் 'இது சரியில்லை' என்று சொல்லத் தெரிந்த ஆள் துறைக்குள் இருந்தார். அப்படி ஒருவர் இல்லாத துறைக்கு ஸ்டார்ட்அப்பும் ஒன்றுதான், பழைய ஒப்பந்ததாரரும் ஒன்றுதான். டெமோ மட்டும் கொஞ்சம் அழகாக இருக்கும்.

பிரான்ஸில் இதைக் கொஞ்சம் புத்திசாலித்தனமாகச் செய்கிறார்கள். அரசுக்குள்ளேயே சின்னச் சின்னக் குழுக்களை அமைத்து, அவற்றுக்கே 'அரசு ஸ்டார்ட்அப்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சில மாதம் கட்டிப் பார்ப்பது, மக்களுக்குப் பயன்பட்டால் தொடர்வது, இல்லையென்றால் மூடிவிடுவது. மூடுவதை அவமானமாக நினைக்காததுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம்.

ஸ்டார்ட்அப் திடீரென்று மூடிவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் நியாயமானது. பிரிட்டனின் பொதுச் சுகாதாரச் சேவையோடு இணைந்து செயலி வழியாக மருத்துவ ஆலோசனை வழங்கிய பாபிலான் 2023-இல் திவாலானது. அதன் பிரிட்டன் தொழிலை வேறொரு நிறுவனம் வாங்கிக்கொண்டது. வாங்க ஆள் வராமல் போயிருந்தால்? அதற்காகச் சிறிய நிறுவனமே வேண்டாம் என்பது தீர்வில்லை. நிரல், தரவு, பாஸ்வேர்டு எல்லாம் முதல் நாளிலிருந்தே அரசின் கையில் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். எஸ்தோனியாவில் 2001 முதல் எக்ஸ்-ரோடு என்ற தரவுப் பரிமாற்ற அமைப்பு ஓடுகிறது. மென்பொருளைத் தனியார் நிறுவனங்களும் எழுதுகின்றன. துறைகளுக்கிடையே தரவு எப்படிப் போக வேண்டும் என்ற விதி அரசுடையது.

அடுத்தது பணம். ஸ்டார்ட்அப்புக்கு மாதக் கடைசியில் சம்பளம் போட்டாக வேண்டும், அரசு பில்லோ மேசை மேசையாக நகரும். அரசு அலுவலகங்கள் பொதுவாக 30 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும், தாமதித்தால் வட்டி உண்டு என்று ஐரோப்பிய ஒன்றியம் 2011-இலேயே விதி போட்டது. நூறு ஹேக்கத்தான்களைவிட இந்த ஒரு விதி ஸ்டார்ட்அப்களுக்கு அதிகம் உதவும் என்பேன்.

சரி, ஸ்டார்ட்அப்காரர்களிடமும் ஒரு வார்த்தை. ஒரே சான்றிதழை நாலு தடவை கேட்கும் படிவத்தின் மேல் சாட்பாட்டை ஒட்டிவிட்டு, நவீனமாக்கிவிட்டோம் என்று சொல்லாதீர்கள். எந்தக் கட்டத்தில் மக்கள் முழிக்கிறார்கள், எந்த ஆவணம் தேவையே இல்லை என்பதெல்லாம் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் கிளார்க்குக்குத் தெரியும். நான் பார்த்த ஆலோசனைக் கூட்டங்கள் எதிலும் அவருக்கு நாற்காலி போட்டதில்லை. அவரைக் கூப்பிடுங்கள், பிரசன்டேஷனை அவரிடம் முதலில் காட்டுங்கள்.