18 வயதுக்குட்பட்ட பெண்கள் ஐஸ் ஹாக்கி: பாடி செக்கைத் தடை செய்தால் மட்டும் போதாது

18 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான ஐஸ் ஹாக்கி உலகப் போட்டி பெரும்பாலும் ஜனவரியில் நடக்கும். வந்துவிட்டாலே ஒரே பேச்சுதான்: தங்கம் அமெரிக்காவுக்கா, கனடாவுக்கா? 2008இல் கேல்கரியில் நடந்த முதல் போட்டியிலிருந்து 2025இல் பின்லாந்தின் வான்டாவில் நடந்தது வரை இந்த இரண்டு நாடுகளைத் தவிர வேறு யாரும் தங்கம் வாங்கியதில்லை. ஆனாலும் 2023 அரையிறுதியில் ஸ்வீடன் அமெரிக்காவைத் தோற்கடித்தது. அடுத்த ஆண்டு கனடாவைச் செக் குடியரசு அணி வெளியே அனுப்பியது. இடைவெளி மெல்லக் குறைகிறது, குறையட்டும். நான் சொல்ல வந்தது பாடி செக்கிங் பற்றி, அதாவது எதிராளியை உடம்பால் இடித்துத் தடுப்பது பற்றி.

1990இல் ஒட்டாவாவில் நடந்த முதல் பெண்கள் உலகப் போட்டியில் பாடி செக் செய்யலாம். அதற்குப் பிறகு சர்வதேசப் பெண்கள் ஆட்டத்தில் அதைத் தடை செய்துவிட்டார்கள். பக் என்கிற ரப்பர் வட்டை விட்டுவிட்டு ஆளைக் குறிவைத்து உடம்பால் இடித்தால் இரண்டு நிமிடம் வெளியே உட்கார வைக்கும் பெனால்டி. கடுமையாக இடித்தால் ஐந்து நிமிடமும் ஆட்டத்திலிருந்து வெளியேற்றமும். இந்த விதியை வைத்துக்கொண்டு “பெண்கள் ஹாக்கியில் மோதலே கிடையாது” என்று பலர் நம்புகிறார்கள். பயிற்சியாளர்களில் கூடச் சிலர் அப்படி நினைப்பதுதான் ஆபத்து.

ரிங்க், அதாவது ஆடும் பனித்தளம், 60 மீட்டர் நீளம், அகலம் 26 முதல் 30 மீட்டர். அதற்குள் பத்துப் பேர் முழு வேகத்தில் சறுக்குகிறார்கள். மூலையில் கிடக்கும் பக்குக்கு இரண்டு பேர் போனால் தோளும் இடுப்பும் உரசாமல் எப்படி இருக்கும்? இருவரும் பக்கைத் தேடிப் போகும்போது ஏற்படும் அந்த உரசலை விதியும் அனுமதிக்கத்தான் செய்கிறது. பாடி செக் தடை செய்யப்பட்டிருந்தும், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளின் காயப் பதிவுகளில் தலை அதிர்ச்சி (மூளை குலுங்கும் காயம்) அதிகம் நேரும் விளையாட்டுகளில் ஒன்றாகப் பெண்கள் ஐஸ் ஹாக்கி இருக்கிறது. எதிர்பாராத மோதல், பனியில் விழுவது, ரிங்கைச் சுற்றியுள்ள தடுப்புச் சுவரான போர்டில் தலை இடிப்பது என்று வழிகள் பல. தடையால் மோதல் நிற்கவில்லை. மோதலுக்குத் தயாராகும் பயிற்சிதான் நின்றுபோனது.

கனடாவில் இதைச் சொல்லிக்கொடுக்க நான்கு படிகள் வைத்திருக்கிறார்கள்: இடம் பிடித்து ஒதுக்குவது, ஸ்டிக்கால் தடுப்பது, உடம்போடு உடம்பு உரசிப் பக்கை எடுப்பது, கடைசியாகப் பாடி செக். பையன்களுக்கு 13, 14 வயதில் நான்காவது படி வந்துவிடுகிறது. பெண் பிள்ளைகளுக்கு அது வராது. ஆனால் நான்காவது இல்லை என்பதற்காக மூன்றாவதையும் அரைகுறையாக விட்டுவிடுகிறார்கள். எனக்குக் கோபம் அங்கேதான்.

முதல் படியையே எடுத்துக்கொள்ளுங்கள். பக் வைத்திருப்பவளை நோக்கி நேராகப் போகக் கூடாது. ரிங்கின் நடுப்பக்கத்திலிருந்து வளைந்து போய், அவள் வேகத்துக்குத் தன் வேகத்தைச் சமப்படுத்தி, ஸ்டிக்கின் பிளேடைப் பனியில் வைத்து உள்பாதையை அடைக்க வேண்டும். அவளுக்குப் போர்டு ஓரம் மட்டும் மிஞ்சும். கபடியில் ரெய்டரை மூலைக்கு ஒதுக்குவதும் இதே வித்தைதான். பிறகு தன் ஸ்டிக்கை அவள் ஸ்டிக்குக்கு அடியில் நுழைத்து, இடுப்பை அவள் கைகளுக்கு முன்னால் கொண்டுபோனால் பக் தானாகப் பிரியும். கைகள் கீழேயே இருக்க வேண்டும், கால் ஓட்டம் நிற்கக் கூடாது.

தவறு பெரும்பாலும் தொடக்கத்திலேயே நடக்கிறது. தாமதமாகக் கிளம்பினால் எட்டாது. எட்டாதபோது ஸ்டிக் நீளும், எதிராளியைக் கொக்கிபோட்டு இழுக்கும் ஹூக்கிங்கோ, தடுக்கி விழவைக்கும் டிரிப்பிங்கோ ஆகும். நேராகப் போனால் கடைசி நொடியில் திரும்ப இடமில்லாமல் மோதல் ஆகிவிடும். காலை நிறுத்திச் சறுக்கினால் கைகள் மேலே எழும்பி, ஸ்டிக் எதிராளியின் மார்பில் போய் நிற்கும். அளவுக்கு மீறி நீளமான ஸ்டிக்கும் இதைக் கூட்டும். ஸ்கேட் போட்டு நிற்கும்போது முனை ஏறக்குறைய மோவாய் வரை வந்தால் போதும்.

இதைவிட முக்கியம் மோதலை வாங்கிக்கொள்ளத் தெரிவது. போர்டிலிருந்து ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்பதுதான் மிக மோசமான இடம். அங்கே தள்ளப்பட்டால் தடுமாறித் தலை முன்னால் போய் இடிக்கும். ஒன்று போர்டை ஒட்டி நிற்க வேண்டும், இல்லையென்றால் நன்றாக விலகி நிற்க வேண்டும். பக்கை எடுக்கப் போகும்போது இரண்டு தோளுக்கு மேலும் திரும்பிப் பார்த்துவிட்டு, போர்டை நேருக்கு நேராக அணுகாமல் சாய்வாகப் போக வேண்டும். முழங்கால் மடங்கியிருக்கட்டும். இடிக்க நேர்ந்தால் முன்கை, தோளின் பக்கவாட்டு, இடுப்பு மூன்றும் சேர்ந்து போர்டில் படட்டும். தலை மட்டும் குனியவே கூடாது. குனிந்தபடி மோதினால் அழுத்தம் முழுக்கக் கழுத்தெலும்புக்குப் போகும்.

முழு முகக் கூண்டும் கழுத்துக் காப்பும் கட்டாயம்தான். ஆனால் கூண்டு இருக்கிற தைரியத்தில் தலையைத் தாழ்த்தி ஆடும் பழக்கம் வருகிறது. கூண்டு பல்லையும் கண்ணையும் காக்கும், கழுத்தையோ மூளையையோ காக்காது.

இந்தப் போட்டியில் ஆடுகிறவர்களுக்கு 15 முதல் 17 வயது. அடுத்து எங்கே போகிறார்கள்? ஸ்வீடனின் பெண்கள் லீக் 2022-23 பருவத்திலிருந்து பாடி செக்கை வரம்போடு அனுமதிக்கிறது. 2024 ஜனவரியில் தொடங்கிய வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான பி.டபிள்யூ.எச்.எல். ஆட்டத்திலும் உரசல் அதிகம். பதினேழு வயது வரை கற்றுக்கொடுக்காமல் வைத்திருந்துவிட்டு, திடீரென்று முப்பது வயதுக்காரிகளோடு மோத அனுப்புவது நியாயமா?

உடனே வரும் மறுப்பு, பதினைந்து வயதுக்காரிக்கும் பதினேழு வயதுக்காரிக்கும் இடையே உள்ள எடை வித்தியாசம். உண்மைதான், அதை ஒதுக்கிவிட முடியாது. 2023 இறுதியாட்டத்தில் கனடா ஸ்வீடனை 10-0 என்று வென்றது. அப்படியொரு ஆட்டத்தில் வரம்பில்லாத பாடி செக்கும் இருந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. அதனால்தான் முழுமையாகத் திறந்துவிடச் சொல்லவில்லை. இருவரும் ஒரே திசையில் போகும்போது, பக்கை எடுக்கும் நோக்கத்தோடு, போர்டு ஓரமாகத் தோளோடு தோள் மோதினால் விசில் வேண்டாம். போர்டிலிருந்து விலகிய திறந்த இடத்தில் எதிரெதிரே வந்து இடிப்பது, முதுகில் தள்ளுவது, தலையில் படுவது எல்லாம் இப்போது போலவே தண்டனைக்குரியதாக இருக்கட்டும். அணிகள் வந்த முதல் நாளே நடுவர்கள் காணொளி போட்டு, எது செல்லும், எது செல்லாது என்று பயிற்சியாளர்களுக்கும் ஆட்டக்காரிகளுக்கும் காட்டட்டும். முதல் பீரியடில் விசில் ஊதிய உரசலுக்கு மூன்றாவது பீரியடில் ஊதாமல் விட்டால், பிள்ளைகளுக்கு எதை நம்பி ஆடுவது என்றே தெரியாது.

விதி மாறும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வாரம் மூன்று பயிற்சி இருந்தால் ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்கலாம். முதலில் வெளியே பாயில், பிறகு பனியில் நடை வேகத்தில், ஏறத்தாழ ஒரே எடையுள்ள இரண்டு பேராக, கடைசியாகத்தான் பக்கோடு முழு வேகத்தில். டொராண்டோ பக்கம் பெண் பிள்ளைகளை ரிங்குக்கு அனுப்பும் நம்மவர்கள் பருவத் தொடக்கத்திலேயே பயிற்சியாளரிடம் கேளுங்கள்: போர்டு ஓரத்தில் மோதலை வாங்கிக்கொள்ள எப்போது, எப்படிச் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள்? “பெண்கள் ஹாக்கியில் அது தேவையில்லை” என்று பதில் வந்தால் வேறு அணி பாருங்கள்.