கோஹினூரைப் பார்க்காமல் திரும்பிய குற்றத்துக்காக

அந்தப் படத்தைப் போட்டிருக்கவே கூடாதோ என்று முந்தாநாள் இரவு நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் நடுக்கூடத்தில் என் பிள்ளைகள் இருவரும் தரையில் மல்லாந்து படுத்திருக்கும் படத்தைத்தான் சொல்கிறேன். அதற்குக் கீழே கருத்துப் பகுதியில் நடந்த கூத்தை உங்களில் பெரும்பாலோர் பார்த்துவிட்டீர்கள் என்பதால் முதலிலிருந்து விவரிக்கப் போவதில்லை. “தரையில் படுக்கவா இவ்வளவு செலவு செய்து போனாய்?” என்று எங்கள் மாமா ஒருவர் தொடங்கி வைத்தது, “கோஹினூரைக்கூடப் பார்க்கவில்லையாமே” என்று வளர்ந்து, “ஒற்றை ஆளாக இரண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனால் இப்படித்தான் ஆகும்” என்பதில் போய் முடிந்தது. முடிந்துவிட்டதாக அவர்கள் நினைக்கிறார்கள். நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். பிள்ளைகளோடு ஒரு பெருநகரத்துக்குப் போனால் ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். இரண்டாவது இடம் தானாக அமைந்தால் அது கொசுறு. மூன்றாவதையும் நான்காவதையும் காலையிலேயே குறித்து வைத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் ஊரைப் பார்க்கப் போகவில்லை, திரும்பி வந்து கணக்குக் காட்டப் போகிறார்கள்.

முதலில் அந்தத் தரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கூடத்தின் கூரையிலிருந்து ஒரு நீலத் திமிங்கலத்தின் முழு எலும்புக்கூடு தொங்குகிறது. 1891-ல் அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டு கரையில் ஒதுங்கிய திமிங்கலம் அது, 25.2 மீட்டர் நீளம், 221 எலும்புகள். 2017 முதல், வாயைத் திறந்தபடி நம் தலையை நோக்கிப் பாய்வது போல அதை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். நின்றுகொண்டு பார்த்தால் ஐந்து நிமிடத்தில் கழுத்து வலிக்கிறது. என் மகனுக்கு ஆறு வயது. அவன் யாரிடமும் கேட்காமல் படுத்துவிட்டான். அதட்டி எழுப்பத்தான் குனிந்தேன். குனிந்த இடத்திலிருந்து அண்ணாந்து பார்த்தபோது, அந்தக் கூடத்தில் சரியான இருக்கையைக் கண்டுபிடித்தவன் அவன் ஒருவன்தான் என்பது புரிந்தது. பத்து வயது மூத்தவளும் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். அவன் முதுகெலும்புகளை எண்ணினான். முப்பதைத் தாண்டியதும் குழம்பி, மறுபடி தலையிலிருந்து தொடங்கினான். அவள் தன் உள்ளங்கையை விரித்து மேலே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, திமிங்கலத்தின் துடுப்போடு ஒட்ட வைத்துப் பார்த்தாள். துடுப்புக்குள் விரல் எலும்புகள் இருக்கின்றன. அதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நாற்பது நிமிடம் அங்கே கிடந்தோம். ஆம், கடைசியில் நானும் படுத்தேன்; படத்தில் நான் இல்லாததற்குக் காரணம் படத்தை எடுத்தது நான் என்பது மட்டுமே.

இப்படிச் சொல்வதால் நான் பிறக்கும்போதே ஞானத்தோடு பிறந்தவள் என்று எண்ணிவிட வேண்டாம். முதல் நாள் என் கையிலும் ஒரு பட்டியல் இருந்தது, அதில் ஏழு இடங்கள் இருந்தன. நான்காவது இடத்துக்குப் போகும் வழியில் கோவென்ட் கார்டன் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கினோம். அங்கே மேலே செல்ல மின்தூக்கிகள் உண்டு. அவற்றின் முன்னால் கூட்டமும் இருந்தது. பக்கத்திலேயே ஒரு சுழல் படிக்கட்டு, 193 படிகள், பதினைந்து மாடிக்குச் சமம் என்று எச்சரிக்கைப் பலகையே வைத்திருக்கிறார்கள். பலகையைப் படித்தேன். படித்துவிட்டு, மின்தூக்கிக்குக் காத்திருந்தால் பத்து நிமிடம் வீணாகும் என்று முடிவெடுத்து, இரண்டு பிள்ளைகளையும் அந்தப் படிகளில் ஏற்றினேன்.

மூத்தவள் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தாள். சின்னவன் நடுவழியில் உட்கார்ந்து, ஒரு காலணியைக் கழற்றி, அடுத்த படியில் ஒழுங்காக வைத்துவிட்டு, அதற்கு மேல் வர மாட்டேன் என்பதை ஒரு வார்த்தைகூடப் பேசாமல் தெரிவித்தான். எனக்குப் பின்னால் ஆட்கள் மூச்சிரைக்க நின்றார்கள். நான் கத்தினேன். வீட்டில்கூட அப்படிக் கத்தியதில்லை. ஒரு கையில் காலணியும் இன்னொரு கையில் அவனுமாக மேலே வந்து சேர்ந்தபோது மூத்தவளின் கணக்கு 191-ல் நின்றது. நான் போட்ட சத்தத்தில் இரண்டு படிகள் தவறிப்போயிருக்கின்றன. அந்த இரண்டு படிகளுக்காக அவள் அழுதாள். நான்காவது, ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது இடங்களைப் பார்த்தோமா என்று கேட்காதீர்கள். பார்த்தோம். எதைப் பார்த்தோம் என்று சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அன்று இரவு பட்டியலைக் கிழித்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அது கைபேசியில் இருந்ததால் அழிக்க மட்டுமே முடிந்தது. மறுநாளிலிருந்து ஒரு நாளைக்கு ஓர் இடம்.

“அப்படியானால் எதையும் முழுசாகப் பார்க்கவில்லை” என்பது அடுத்த குற்றச்சாட்டு. முழுசாக என்றால் என்ன என்று கொஞ்சம் கணக்குப் போடுவோம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஏறக்குறைய எண்பது லட்சம் பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் பார்வைக்கு வைத்திருப்பவை சுமார் 80,000, அதாவது நூற்றில் ஒரு பங்கு. பொருளுக்குப் பத்து வினாடி என்று வைத்துக்கொண்டாலும், தண்ணீர் குடிக்காமல், கண் மூடாமல், இரவு பகலாக ஒன்பது நாளுக்கு மேல் நடக்க வேண்டும். ஆகவே அங்கே போய் “எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன்” என்று சொன்னவர்கள் அனைவரும், என் மாமா உள்பட, வாசல் தூண்களைப் பார்த்திருக்கிறார்கள், ரொசெட்டா கல்லைச் சுற்றி நின்றவர்களின் முதுகுகளைப் பார்த்திருக்கிறார்கள். நாங்கள் ஒன்றரை மணி நேரம் இருந்தோம். ஒரே செய்தியை மூன்று எழுத்துமுறைகளில் செதுக்கிய அந்தக் கல்லையும் சில மம்மிகளையும் பார்த்தோம். சின்னவன் சோர்ந்ததும் வெளியே வந்துவிட்டோம். அந்த ஊரில் இப்படிச் செய்ய முடிகிறது, ஏனென்றால் பிரிட்டிஷ் அருங்காட்சியகம், இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், அறிவியல் அருங்காட்சியகம் மூன்றிலும் நிரந்தரக் காட்சிகளைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. கட்டணம் இல்லாத இடத்திலிருந்து பாதியில் எழுந்து வர மனம் உறுத்துவதில்லை. பதினொரு வயது ஆகாத பிள்ளைகளுக்குச் சிவப்புப் பேருந்திலும் காசு இல்லை. மாடிப் பேருந்தின் முன்வரிசையில் உட்கார்ந்து 15-ஆம் எண் தடத்தில் போனால் செயின்ட் பால் தேவாலயமும் டிரஃபால்கர் சதுக்கமும் தாமாகக் கண்ணெதிரே வந்து போகின்றன. சின்னவன் முன்கம்பியைப் பிடித்துத் திருப்பித் திருப்பி, அந்தப் பேருந்தை அவனே ஓட்டினான். இதையும் “சும்மா பஸ்ஸில் சுற்றியது” என்ற கணக்கில்தான் எழுதினார்கள்.

சரி, பணத்துக்கு வருகிறேன். விமானக் கட்டணமும் விடுதி வாடகையும் இலவசமல்ல என்பது, அவற்றைக் கட்டியவள் என்ற முறையில், எனக்கும் தெரியும். கொடுத்த காசுக்கு இத்தனை இடம் என்று எடை போடுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது எதுவுமில்லை.

“ஆறு வயதுப் பிள்ளைக்கு எதுவும் நினைவில் நிற்காது” என்றார்கள். நிற்காதுதான். ஆனால் ஓர் இடம் நினைவில் நிற்காது என்றால் எட்டு இடம் மட்டும் எப்படி நிற்கும்? அந்த வாதம் என் பக்கம் பேசுகிறதா, உங்கள் பக்கம் பேசுகிறதா என்று சொன்னவர்களே கொஞ்சம் யோசித்துப் பார்க்கட்டும்.

ஒரே ஒரு கேள்விதான் என்னைத் தைத்தது. “சின்னவனுக்காகப் பெரியவளையும் கட்டிப் போட்டுவிட்டாயே, அவள் இன்னும் நாலு இடம் பார்த்திருப்பாளே” என்று ஒரு தோழி தனியாகக் கேட்டாள். அது உண்மையாகவும் இருக்கலாம். கிரீன்விச்சில் உலகத்தின் பூஜ்ஜியத் தீர்க்கரேகையின் இரு பக்கமும் காலை வைத்து நிற்க வேண்டும் என்று மூத்தவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், போகவில்லை. கடைசி நாள் மழை, சின்னவனுக்கு லேசான காய்ச்சல். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அவள் கோபித்துக்கொள்ளாததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத வரவில்லை.

ஆனால் “ஒற்றை ஆளாக” என்ற அந்தச் சொல் இருக்கிறதே, அதை விட முடியாது. பிள்ளைகளின் அப்பா ஏன் வரவில்லை என்பது எங்கள் வீட்டு விஷயம். ஓர் ஆண் தன் இரண்டு பிள்ளைகளை மட்டும் அழைத்துக்கொண்டு வெளியூர் போய், அவர்களைத் தரையில் படுக்க வைத்துப் படம் போட்டால் கீழே என்ன எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியும். “என்ன பொறுமையான அப்பா!” “பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள்!” அதே தரையில் அம்மா படுக்க வைத்தால் அவளுக்குச் சமாளிக்கத் தெரியவில்லை என்று அர்த்தம். இரண்டு பைகள், மூன்று பயண ஆவணங்கள், ஒரு காய்ச்சல் மருந்து, ஒரு கழன்ற காலணி, எந்தப் பக்கம் ரயில் ஏறுவது என்ற குழப்பம், கழிப்பறைக்கு இரண்டு பேரையும் சேர்த்தே அழைத்துப் போக வேண்டிய நிலை ஆகிய அனைத்தையும் பத்து நாள் ஒரே ஆளாகச் சுமந்து, இரண்டு பேரையும் முழுசாகத் திருப்பிக் கொண்டுவந்தவளிடம் நீங்கள் கேட்டது, வைரத்தைப் பார்த்தாயா என்று. சௌக்கியமாக வந்து சேர்ந்தாயா என்று ஒருவர் கேட்டார். ஒருவர்.

சரி, வைரத்துக்கே வருகிறேன். கோஹினூர் இருக்கும் லண்டன் கோபுரத்துக்கு நாங்கள் போனோம். அதற்குக் கட்டணம் உண்டு, கட்டினேன். மகுடங்கள் வைத்திருக்கும் கட்டடத்தின் வாசலில் வரிசை வளைந்து வளைந்து நின்றது. உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. அரச மகுடங்களுக்கு முன்னால் கூட்டம் தேங்காமலிருக்க நகரும் நடைமேடை போட்டிருக்கிறார்கள், நீங்கள் நின்றாலும் அது உங்களை நகர்த்திவிடும். அந்தச் சில வினாடிகளுக்காக ஒரு மணி நேரம் சின்னவனை வரிசையில் நிறுத்துவதா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவன் அண்டங்காக்கைகளிடம் போய்விட்டான். குறைந்தது ஆறு அண்டங்காக்கைகளாவது அங்கே இருக்க வேண்டும், அவை போய்விட்டால் அரசு கவிழ்ந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதற்காகவே ஒரு காவலரை நியமித்து, இறைச்சியும் இரத்தத்தில் ஊறிய பிஸ்கட்டும் போட்டு வளர்க்கிறார்கள். இரத்த பிஸ்கட் செய்தியை அவன் இன்று வரை பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். நினைவில் நிற்காதாம்.

அங்கே புல்வெளி ஓரத்தில் உட்கார்ந்துதான் மூத்தவளுக்குக் கோஹினூரின் கதையைச் சொன்னேன். அது இப்போது 105.6 காரட், 1852-ல் பட்டை தீட்டுவதற்கு முன்னால் 186 காரட் இருந்தது. 1849-ல் லாகூரில் அதை விக்டோரியா அரசிக்கு ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பஞ்சாப் மன்னர் துலீப் சிங்குக்கு அப்போது பத்து வயது என்றதும், அதுவரை காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் என் பக்கம் திரும்பினாள். பத்து என்பது அவளுடைய வயது.

“அப்போ அவங்க அம்மா பக்கத்துல இருந்தாங்களா?” என்று கேட்டாள்.

இல்லை என்றேன். அதற்கு முன்பே ராணி ஜிந்தனை மகனிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய்விட்டார்கள். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 1861-ல் கல்கத்தாவில் மறுபடி சந்தித்தபோது அந்த அம்மாவுக்குப் பார்வை ஏறக்குறையப் போயிருந்தது. பிறகு மகனோடு இங்கிலாந்துக்கு வந்து, 1863-ல் இதே லண்டனில், கென்சிங்டனில்தான் இறந்துபோனார். நாங்கள் திமிங்கலத்துக்குக் கீழே படுத்திருந்த அருங்காட்சியகம் இருப்பதும் அந்தப் பக்கத்தில்தான் என்றேன். வரிசையில் போய் நிற்கலாமா என்று அதன் பிறகு அவளிடம் கேட்கத்தான் செய்தேன். “நீங்க இன்னும் சொல்லுங்க” என்றாள். எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். சின்னவன் நடுநடுவே வந்து காக்கையின் கால் வளையம் என்ன நிறம் என்று அறிவித்துவிட்டுப் போனான்.

மாமா, நீங்கள் பெரியவர், உங்களை எதிர்த்து எழுத வேண்டும் என்று நினைக்கவில்லை. அடுத்த முறை நீங்களும் எங்களோடு வாருங்கள். பைகளில் ஒன்றை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கோஹினூர் வரிசையில் நின்று எங்கள் சார்பாகவும் பார்த்துவிட்டு வாருங்கள்; நாங்கள் காக்கைகளுக்குப் பக்கத்திலேயே இருப்போம்.