பிளேஸ்டேஷன்காரர்களே, அந்தப் பழைய லேப்டாப்பைத் திறங்கள்

பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் போன்ற கன்சோல்களில் மட்டுமே ஆடும் நண்பர்களிடம் இண்டி கேம் (பெரிய நிறுவனம் இல்லாமல் ஓரிருவரோ சின்னக் குழுவோ செய்யும் கேம்) பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு பதில்தான் வரும். "அதுக்கு கிராபிக்ஸ் கார்டு போட்ட பிசி வேணும், லட்ச ரூபா ஆகும்" என்பது ஒன்று. "நல்ல கேமா இருந்தா எப்படியும் கன்சோலுக்கு வந்துடும், அப்பப் பாத்துக்கலாம்" என்பது இன்னொன்று. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2) சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து ஆடிய நாளிலிருந்து கன்சோல்தான் என் உலகம். இப்போது கொஞ்ச காலமாக, ஆபீஸ் வேலைக்கு வாங்கிய சாதாரண லேப்டாப்பில், ஓரிருவர் மட்டும் சேர்ந்து செய்த கேம்களை ஆடி வருகிறேன். அதைப் பற்றித்தான் இந்த நீளமான பதிவு.

முதல் பதிலை உடனே முடித்துவிடலாம். அண்டர்டேல், ஸ்டார்ட்யூ வேலி, பேப்பர்ஸ் ப்ளீஸ் என்று பேர்பெற்ற இண்டி கேம்கள் எதற்குமே தனி கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. பிஎஸ்4 கன்ட்ரோலரை யுஎஸ்பி வயரில் செருகினால், பிசி கேம்களை விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீம் அடையாளம் கண்டுகொள்ளும். ஒரு பிஎஸ்5 டிஸ்க்குக்கு 4,999 ரூபாய் கொடுத்துப் பழகியவர்களுக்கு இந்த கேம்களின் விலை ஒரு பொருட்டாகவே தெரியாது. ஆனால் விலை குறைவு என்பதற்காக இங்கே வராதீர்கள். வர வேண்டிய காரணம் வேறு.

லூகாஸ் போப் என்றொருவர். அன்சார்ட்டட் என்ற சாகச கேமின் முதல் இரண்டு பாகங்கள் உருவானபோது, அதைச் செய்த நாட்டி டாக் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். நம்மில் பலர் பிளேஸ்டேஷன் வாங்கியதே அந்த கேம்களுக்காகத்தான். அந்த வேலையை விட்டு வெளியே வந்தவர், தனியாக உட்கார்ந்து 2013-இல் வெளியிட்டது பேப்பர்ஸ் ப்ளீஸ். ஆர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாடு, ஆண்டு 1982. எல்லைச் சாவடியில் பாஸ்போர்ட் பார்க்கும் அதிகாரி நீங்கள். துப்பாக்கிச் சண்டை, மலையேற்றம் எதுவும் கிடையாது. மேசைமேல் காகிதங்கள், ஒரு விதிப்புத்தகம், பச்சை முத்திரை, சிவப்பு முத்திரை. ஒரு ஆளைச் சரியாகப் பார்த்து அனுப்பினால் 5 கிரெடிட். மாலையில் அந்தக் காசில் வாடகை, சாப்பாடு, வீட்டைச் சூடாக்கும் செலவு எல்லாம் போக வேண்டும். வீட்டில் மனைவி, மகன், மாமியார், மாமா. யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் மருந்துச் செலவும் சேரும்.

ஐந்தாம் நாளோ என்னவோ, ஒருவர் வருகிறார். காகிதம் எல்லாம் சரியாக இருக்கிறது. போகும்போது, பின்னால் என் மனைவி வருகிறாள், அவளிடம் கனிவாக நடந்துகொள்ளுங்கள் என்கிறார். அடுத்து அந்தப் பெண் வந்து நிற்கிறாள். நுழைவு அனுமதி இல்லை. திருப்பி அனுப்பினால் கொன்றுவிடுவார்கள் என்கிறாள். அவளை விட்டால் எச்சரிக்கைச் சீட்டு வரும். ஒரு நாளில் இரண்டு தவறு வரை எச்சரிக்கையோடு போகும், மூன்றாவதிலிருந்து சம்பளத்தில் பிடிப்பார்கள். அன்றைக்கு ஏற்கெனவே இரண்டு தவறு செய்திருந்தால்? மகனுக்குக் காய்ச்சலாக இருந்தால்? முத்திரையைக் கையில் பிடித்துக்கொண்டு நான் கணக்குப் போட்டேன். ஒரு உயிரையும் ஒருவேளைச் சாப்பாட்டையும் எதிரெதிரே வைத்து என்னைக் கணக்குப் போட வைத்த பெரிய பட்ஜெட் கேம் இதுவரை ஒன்றுகூட இல்லை. விசா கவுண்டரின் கண்ணாடிக்கு வெளியே நின்று, உள்ளே இருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தவித்தவர்கள் இந்த கேமை அவசியம் ஆட வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று தெரியும்.

இந்த கேம் பிஎஸ்4-க்கு வரவே இல்லை. சோனியின் கையடக்கக் கன்சோலான வீட்டாவுக்கு வந்தது, பிறகு போனுக்கு வந்தது. "எப்படியும் வந்துடும்" என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மவுஸால் காகிதத்தை இழுத்து, இன்னொன்றின் பக்கத்தில் வைத்து, தேதியையும் படத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் மொத்த ஆட்டமும். அது மேசையில் பிறந்த கேம்.

இன்னொரு கேம் ஒன்ஷாட். சூரியனைப் போன்ற ஒரு பெரிய பல்பைக் கையில் ஏந்தி நடக்கும் நிக்கோ என்ற குழந்தைக்கு நீங்கள் வழிகாட்டுகிறீர்கள். பூட்டைத் திறக்கும் எண் ஆட்டத்துக்குள் எங்குமே இல்லை, உங்கள் கம்ப்யூட்டரின் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் அந்த கேமே எழுதி வைத்த ஒரு கோப்பில் இருக்கிறது! டெஸ்க்டாப் வால்பேப்பரைக்கூட மாற்றுகிறது. 2022-இல் இதைக் கன்சோலுக்குக் கொண்டுவந்தபோது, கேமுக்குள்ளேயே ஒரு போலி டெஸ்க்டாப்பைக் கட்ட வேண்டியிருந்தது. நன்றாகவே செய்திருக்கிறார்கள். ஆனாலும் நம் சொந்த ஃபோல்டரில் அந்தக் கோப்பைப் பார்க்கும்போது வரும் சிலிர்ப்பு அதில் எப்படி வரும்?

தாமதம் என்ற விஷயமும் இருக்கிறது. எரிக் பரோன் தனி ஆளாக நான்கரை ஆண்டு உழைத்து 2016-இல் ஸ்டார்ட்யூ வேலி என்ற விவசாய கேமை வெளியிட்டார். அதன் 1.6 அப்டேட் பிசிக்கு 2024 மார்ச்சில் வந்தது. கன்சோல்காரர்கள் நவம்பர் வரை காத்திருந்தார்கள். சின்னக் குழுவுக்குக் கன்சோல் என்பது ஒரு தனிச் சுமை. பழைய கதை ஒன்று உண்டு. 2012-இல் ஃபெஸ் என்ற இண்டி கேம், மைக்ரோசாஃப்டின் கன்சோலான எக்ஸ்பாக்ஸ் 360-இல் வெளியானது. ஒரு திருத்தத்தால் சிலருடைய சேவ் கோப்பு, அதாவது அதுவரை ஆடியதைச் சேமித்து வைத்த கோப்பு, கெட்டது. புதிய திருத்தத்தை மைக்ரோசாஃப்டின் மறுபரிசோதனைக்கு அனுப்பினால் பல்லாயிரம் டாலர் செலவாகும் என்று சொல்லி, கேமைச் செய்தவர்கள் அப்போது சரிசெய்யாமலேயே விட்டார்கள். மைக்ரோசாஃப்ட் அந்தக் கட்டணத்தை அடுத்த ஆண்டு எடுத்துவிட்டது. ஆனால் பரிசோதனைக்கு அனுப்பிக் காத்திருக்கும் வேலை இன்றும் உண்டு. பிசியில் இரவு கண்டுபிடித்த பிழையை விடிவதற்குள் திருத்திப் போட்டுவிடலாம்.

குறையே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. 100 டாலர் கட்டினால் யார் வேண்டுமானாலும் ஸ்டீமில் கேம் போடலாம். அதனால் குப்பையும் குவிகிறது. செய்து முடிக்கும் முன்பே விற்பனைக்கு வந்து (ஏர்லி ஆக்சஸ்), பாதியில் கைவிடப்பட்ட கேம்களும் ஏராளம். டெமோ இருந்தால் முதலில் அதை ஆடிப் பாருங்கள். வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும்.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். அந்த இரண்டு மணி நேர விதியை வைத்து, முழுசாக ஆடி முடித்துவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்காதீர்கள். சம்மர் ஆஃப் 58 என்ற சின்னத் திகில் கேமைச் செய்தவர், பாராட்டி எழுதியவர்கள் இருந்தும் ஏகப்பட்ட பேர் இப்படித் திருப்பிக் கொடுத்ததால் கேம் செய்வதையே காலவரையின்றி நிறுத்துவதாக 2021-இல் அறிவித்தார். நம் வெண்பாவும் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் கேம்தான். டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன், அவர்கள் மகன் கவின், அழிந்துபோன எழுத்துகளோடு அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகம். இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பதுதான் முதல் புதிர்! 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா வழங்கும் சிறந்த அறிமுக கேம் விருது பெற்றது. தமிழ்க் குடும்பம் ஒன்று இப்படி நாயகர்களாக வந்த கேமை டோரண்டில் காசு கொடுக்காமல் திருட்டுத்தனமாக எடுத்து ஆடிவிட்டு, "செம ஃபீல்" என்று ஸ்டேட்டஸ் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். வருத்தமாக இருக்கிறது. ஆயிரம் பேர் வேலை செய்த கேமில் நம் காசு யாருக்கும் தெரியாமல் கரைந்துபோகலாம். நாலு பேர் செய்த கேமில் அப்படி இல்லை. அடுத்த கேம் வருமா வராதா என்பதே அந்தக் காசில்தான் இருக்கிறது. மாதச் சம்பளம் வாங்கும் நம்மால் முடியும். மாணவர்களுக்குக் கஷ்டம்தான். விஷ்லிஸ்டில் போட்டுவிட்டு சேல் வரும்வரை காத்திருங்கள்.

அடுத்து, போப்பின் இன்னொரு கேமான ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்னைத் தொடங்குகிறேன். 1807, ஆளில்லாமல் கரைக்குத் திரும்பிய கப்பல், அறுபது பேரின் கதி என்ன என்று நாமே துப்புத் துலக்க வேண்டும். ஆடி முடித்தவர்கள் கமெண்டில் ஒருவர் பெயரைக்கூடச் சொல்லிவிடாதீர்கள். உங்கள் லேப்டாப்பில் எது ஓடும், எது ஓடாது என்ற சந்தேகம் இருந்தால் மாடலைச் சொல்லிக் கேளுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.